உங்கள் பெயரில் இன்னொருவர்

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் தில்லி போலீஸார் ஐந்து பேரைப் பிடித்தார்கள். ஐவரும் கிரெடிட் கார்டு மோசடிக்காரர்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. கார்டுகள் யார் பெயரில் வாங்கப்பட்டிருந்தன என்பதுதான் செய்தி: மகேந்திர சிங் தோனி, அபிஷேக் பச்சன், மாதுரி தீட்சித், ஷில்பா ஷெட்டி. கார்டு வழங்கிய நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் ரூ. 21 லட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டார்கள்.

இத்தனை பிரபலங்களின் ரகசியங்களை எந்தப் பெட்டகத்தை உடைத்து எடுத்தார்கள்? எதையும் உடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு எண்ணுக்கு 15 இலக்கங்கள். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிப்பவை. அடுத்த பத்தும் அப்படியே அந்த நபரின் பான் எண். ஜி.எஸ்.டி. எண்ணோ பில்லில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டியது; இணையத்தில் தேடினாலும் கிடைப்பது. பிறந்த தேதி? ரசிகர்கள் கேக் வெட்டிக் கொண்டாடும் தேதி அது. இரண்டையும் சேர்த்து, புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் படத்தைப் போட்டு ஒரு பான் கார்டு தயாரித்தார்கள். வீடியோ மூலம் சரிபார்த்தபோது கார்டில் இருந்த முகமும் திரையில் தெரிந்த முகமும் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும்?

ஆள்மாறாட்டம் என்பது நமக்குப் பழகிய சொல். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பரீட்சை எழுதுவார். செத்தவர் பெயரில் ஓட்டு விழும். சார்பதிவாளர் முன்னால் வேறு யாரோ கைரேகை வைத்து அடுத்தவர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இதற்குத் தண்டனை இருந்தது. ஆனால் அந்தக் காலத்து மோசடிக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் ஆளாக வந்து நிற்க வேண்டும். யாராவது முகத்தைப் பார்த்து, "இவர் அவர் இல்லையே" என்று சொல்லிவிடும் ஆபத்து இருந்தது. இன்று ஆள் வர வேண்டாம். எண் வந்தால் போதும்.

எண்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதற்கு நமக்குச் சொல்லப்படும் பரிகாரம். நல்ல யோசனைதான். ஆனால் சற்று நினைத்துப் பாருங்கள். வங்கிக்குக் கொடுத்தோம். காஸ் ஏஜென்சிக்குக் கொடுத்தோம். சிம் கார்டு கடை, பள்ளிக்கூடம், வீட்டுச் சொந்தக்காரர், லாட்ஜ், ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீட்டினோம். கறந்த பால் மடி புகாது. ஆதார் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். பூட்டை மாற்றுவதுபோல அதை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அந்த எண் ரகசியமா இல்லையா என்பதில் அதிகாரிகளுக்கே தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா, 2018 ஜூலையில் தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, இதை வைத்துக்கொண்டு எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய செல்போன் எண், பான் எண் என்று பலவற்றை ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுக் காட்டியவர்களும் உண்டு. தீங்கு எதுவும் நேரவில்லை என்றார் சர்மா. ஆனால் சில நாட்களிலேயே ஆதார் ஆணையம், இப்படி எண்ணை வெளியிடாதீர்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டாம், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரித்தது. நாடே திடுக்கிட்டது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை வாபஸ் ஆனது. வழக்கமான எச்சரிக்கையுடன் நடந்துகொண்டால் போதும் என்றது அரசு.

வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன? எண்ணை ஒரு பெயர்ப்பலகையாக நினைத்துக்கொண்டால் விளங்கும். பெயர்ப்பலகையை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதில்லை. அதைப் படித்துச் சொன்னவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடும் காவலாளிதான் தொல்லை. எனவே நமக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பலகையைத் தெருத்தெருவாக மாட்டாமல் இருப்பது. இன்னொன்று, நம் பெயரில் எத்தனை கதவுகள் இருக்கின்றன, எவை திறந்து கிடக்கின்றன என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பது. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

ஜெராக்ஸ் எங்கே போகிறது?

கொடுத்த ஜெராக்ஸ் என்ன ஆகிறது என்று நாம் கேட்பதே இல்லை. அது ஒரு கோப்பில் கிடக்கிறது. கோப்பு நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. பலகாரம் மடித்துக் கொடுக்கும் காகிதத்தில் யாரோ ஒருவருடைய விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் நம்மில் அநேகம். ஜெராக்ஸ் கடையிலும் ஆபத்து உண்டு. அச்செடுப்பதற்காகக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய ஆதாரும் பானும், நாம் காசு கொடுத்துவிட்டு வந்த பிறகும் அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும். அச்செடுத்தவுடன் எதிரிலேயே அழிக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், படத்தின் மேலும் எழுத்தின் மேலும் படும்படி குறுக்காக ஒரு வரி எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்ன நிறுவனத்துக்கு, இன்ன காரியத்துக்கு மட்டும். அதன் கீழ் கையெழுத்து. அதே தாளை வேறு இடத்தில் நீட்டுவது கடினமாகிவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதன் இன்றைய வடிவம் இது.

ஆதாரைப் பொறுத்தவரை இன்னும் நல்ல வழி உண்டு. ஆணையத்தின் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் அறை எடுக்க அது போதுமானது. எண் கேட்கும் இடங்களில், 2018-ல் அறிமுகமான 16 இலக்க மாற்று எண்ணைப் பயன்படுத்தலாம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதும் பழையது செத்துவிடும்.

வாங்காத கடன்

2022 பிப்ரவரியில் பலர் ட்விட்டரில் ஒரே மாதிரியான புகாரைச் சொன்னார்கள். தாங்கள் கேட்காத, கையில் வாங்காத சின்னச் சின்னக் கடன்கள் தங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கின்றன என்பதுதான் அது. நடிகை சன்னி லியோனி தன் பெயரில் ரூ. 2,000 கடன் இருப்பதாகச் சொன்னார். சில வாரங்கள் கழித்து நடிகர் ராஜ்குமார் ராவ் தன் பெயரில் ரூ. 2,500 கடன் இருப்பதாகப் புகார் செய்தார். தொகை அற்பம். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ரூ. 2,000 கடனுக்காக எந்த நிறுவனமும் ஆளனுப்பி வீட்டைப் பார்ப்பதில்லை. வாங்கியவன் கட்டப் போவதும் இல்லை. கடன் தவணை தவறியவர் என்ற பெயர் மட்டும் நம் கணக்கில் நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும் நாளில், கூப்பிட்டு உட்காரவைத்த மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மாறுவார். அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கதவைப் போய்ப் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நான்கு நிறுவனங்கள் நம் கடன் ஜாதகத்தை வைத்திருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் இருந்துவரும் ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக்கொண்டால் காலணா செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணித்துவிடலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் பலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு. நாம் திறக்காத கணக்கு ஏதாவது இருக்கிறதா? நமக்குச் சம்பந்தமில்லாத முகவரியோ செல்போன் எண்ணோ நம் பெயரில் ஏறியிருக்கிறதா? கடைசிப் பக்கத்தில், நம் விவரத்தைக் கேட்டு விசாரித்த வங்கிகளின் பட்டியல் இருக்கும். நாம் படியேறாத வங்கி அதில் இருந்தால், யாரோ நம் பெயரில் அங்கே படியேறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடன் ஏறுவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது.

தவறு இருந்தால் தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாட்களில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் எழுதும் கடிதத்துக்கும் தெரியாதவர் எழுதும் கடிதத்துக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

பிரபலங்களாவது ட்விட்டரில் ஒரு வரி எழுதினால் நிறுவனங்கள் பதறிக்கொண்டு ஓடி வரும். சாமானியன் கதை அப்படி இல்லை. 2021-ல் உத்தரப் பிரதேசத்தில் ரிக்‌ஷா ஓட்டும் ஒருவருக்கு வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்ட வேண்டியது ரூ. 3 கோடிக்கு மேல். யாரோ அவர் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு வாங்கி, ஒரே ஆண்டில் ரூ. 43 கோடிக்கு வியாபாரம் நடந்ததாகக் காட்டியிருந்தார்கள். வங்கி கேட்டதால் ஒரு சேவை மையத்தில் பான் கார்டுக்கு மனுச் செய்தார். கைக்கு வந்ததோ ஒரு கலர் ஜெராக்ஸ்தான். எழுதப் படிக்கத் தெரியாத தனக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை என்றார் அவர்.

வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே, நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பான் கார்டு இருக்கிற யாரும் வருமான வரித் துறை இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, தன் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம். நம் பான் எண்ணை வைத்து நடந்த வட்டி வரவு, பெரிய கொள்முதல், ஜி.எஸ்.டி. விற்றுவரவு எல்லாம் அதில் வரும். நம்முடையது இல்லாத வரவு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்க இடம் உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு சொல்வதைவிட, வருவதற்கு முன் சொன்னது நம்பப்படும்.

விரல் நுனியில் பணம்

கிராமங்களில் வங்கி முகவர் ஒரு சிறிய கருவியுடன் வருவார். ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி விரலை வைத்தால் பணம் கைக்கு வரும். ஒரு தடவைக்கு ரூ. 10,000 வரை. கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். முதியோர் பென்ஷனும் வேலைத்திட்டக் கூலியும் வாங்குபவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் கைரேகை என்பது நாம் தொட்ட இடத்திலெல்லாம் விட்டுவிட்டு வரும் ஒன்று. நிலப் பத்திரங்களிலும் அது பதிவாகிறது. அந்தப் பத்திரங்கள் சில மாநிலங்களில் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்தன. 2018-ல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு விற்பனையாளர், பத்திரங்களில் இருந்த கைரேகைகளை ரப்பரில் அச்செடுத்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்தது தெரியவந்தது. பின்னர் இதே முறையில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்த கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டன. விரல் உயிருள்ளதா, வார்ப்பா என்று கண்டறியும் ஏற்பாட்டை 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது.

நம் பங்குக்குச் செய்யக்கூடியது, கைரேகையையும் கண் கருவிழிப் பதிவையும் ஆணையத்தின் இணையதளத்தில் பூட்டி வைப்பது. பூட்டிய பிறகு நம் விரலையே வைத்தாலும் கதவு திறக்காது. தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். நகரத்தில் ஏ.டி.எம். கார்டும் செல்போனும் வைத்துப் பணம் எடுப்பவர்கள் இன்றே செய்யலாம். மாதாமாதம் ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்குபவர்கள், வாழ்வுச் சான்றுக்கு விரல் வைக்கும் பென்ஷன்தாரர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். பூட்டியதை மறந்துவிட்டுக் கடையில் போய் நின்றால் அரிசி கிடைக்காது. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியின் கைரேகையைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடும் பேரப்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

செல்போன் எண்தான் சாவி

ஆதாரும் பானும் பெயர்ப்பலகை என்றால் சாவி எது? செல்போன் எண்தான். வங்கி, வருமான வரி, ஆதார் என்று எந்தக் கதவைத் திறப்பதற்கும் ஓ.டி.பி. வந்து சேரும் இடம் அதுதான். ஆகவே பெரிய மோசடிக்காரர்கள் எண்ணைத் திருடுவதோடு நிற்பதில்லை. சிம் தொலைந்துவிட்டது என்று நம் பெயரில் போய்ச் சொல்லி மாற்று சிம் வாங்கிவிடுகிறார்கள். அந்த நிமிடமே நம் போனில் சிக்னல் செத்துவிடும். டவர் கோளாறு என்று நினைத்து நாம் தூங்கப் போய்விடுவோம். காலையில் கணக்கு காலி.

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் வருகிறது, நமக்கு மட்டும் இல்லை என்றால், வேறு ஒரு போனை வாங்கி முதலில் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், அடுத்து வங்கியை. சிம் மாற்றிய ஏழு நாட்களுக்கு அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது என்று 2024 ஜூலை முதல் விதி வந்திருக்கிறது. தடுப்பு அவ்வளவுதான். மீதியை நம் கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கி வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். மிரட்டல் போன் போனால் போலீஸ் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான். 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டால், நம் பெயரில் இயங்கும் எண்களின் பட்டியல் வரும். நம்முடையது அல்லாததை அங்கேயே சுட்டிக்காட்டித் துண்டிக்கச் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உன் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடு, ஒரு கணக்குத் தொடங்கிக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போகும். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்குவதற்கு மூன்று ஆண்டு சிறையோ ரூ. 50 லட்சம் வரை அபராதமோ விதிக்கலாம். பெயரை வாடகைக்கு விட்டவர், நான் வெறும் பெயர்தான் கொடுத்தேன் என்று சொன்னால் கேட்பார் இல்லை.

நடந்துவிட்டால்

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவைக்க இது உதவும். ஆகவே முதல் சில மணி நேரம் பொன்னானது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின் அடிப்படை இது: தவறு வாடிக்கையாளரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, வெளியே எங்கோ நடந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நஷ்டம். அதற்கு மேல் தாமதித்தால் வங்கி வைத்ததே சட்டம். நாமே ஓ.டி.பி. சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் நம் தலையில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை அந்த விதிகள் வங்கியின் மீது வைத்தன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. உங்கள் வங்கியில் இன்றைய நிலையைக் கேட்டு வையுங்கள். போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குவது என்றைக்கும் உதவும். 30 நாட்களில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி தரவில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

போலீஸ் நிலையத்தில், இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின் கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ரூ. 1 லட்சம் வரை அபராதம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் இருக்கிறது. ஆனால் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்து லால் பிகாரியின் கதை நாடறிந்தது. கடன் கேட்டுப் போனபோதுதான், வருவாய்த் துறைக் கணக்கில் தான் இறந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. நிலத்துக்காக உறவினர்கள் செய்த வேலை. உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் செய்யாதது இல்லை. பெயருக்குப் பின்னால் 'இறந்தவர்' என்று சேர்த்துக்கொண்டார். 1989-ல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலும் நின்றார். 1994-ல்தான் அவர் மறுபடியும் உயிர் பெற்றார், காகிதத்தில். காகிதம் பொய் சொன்னது. அதைத் திருத்த மனிதன் ஆண்டுக்கணக்கில் அலைந்தான்.

காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அலைவது நாம்தான். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. அபராதத் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போகும். பெயரைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு பைசா கிடையாது. விவரங்களைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. வீட்டில் திருட்டுப் போனதற்குத் தெருக் காவலாளியிடம் அபராதம் வாங்கி நகரசபை வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

இது மாறும் வரை நம் கையில் இருப்பது கண்காணிப்பும் கடிதமும்தான். கண்காணிப்புக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆயுத பூஜைக்குச் சாமான்களைத் துடைத்து வைக்கிறோமே, அப்படி ஒரு நாள். அன்று நம் பெயரில் உள்ள சிம்கள், கடன் அறிக்கை, வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை, ஆதார் பூட்டு, இந்த நான்கையும் பாருங்கள். உங்களுடையதைப் பார்த்துவிட்டு அப்பா அம்மாவுடையதையும் பாருங்கள்; முதியவர்கள் பெயரில் திறக்கும் கதவுகளை யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும்.

கடிதத்துக்கு வருவோம். வாங்காத கடனைக் கட்டச் சொல்லி ஆள் போன் செய்தால் கெஞ்சாதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். தொல்லை ஒழிந்தால் போதும் என்று ரூ. 2,000-ஐக் கட்டியும் விடாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். நிறுவனத்துக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தின் நகல், அதில் இருந்த புகைப்படம், கொடுக்கப்பட்ட செல்போன் எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். பல சமயம் அந்தப் புகைப்படத்திலேயே வழக்கு முடிந்துவிடும். புகார் எண்ணைக் குறிப்பிட்டு, கடைசியில் ஒரு வரி சேருங்கள்: இந்தக் கடனை நான் வாங்கவில்லை, வாங்கியவன் நான்தான் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.